வாங்காத கடனுக்கு வந்தவர்கள்

2007 ஜூன் மாதம் வந்த கிரெடிட் கார்டு பில்லில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. காப்பீட்டு பிரீமியம் ஆயிரம் ரூபாய், அதற்குச் சேவை வரி 12.36 சதவீதம், ஆக மொத்தம் 1,123 ரூபாய் 60 காசு. அந்தக் கார்டையே நான் முந்தைய வருடம் திருப்பி அனுப்பிக் கணக்கை முடித்திருந்தேன். காப்பீடு வேண்டும் என்று எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லை, போனில் சரி என்று சொல்லவும் இல்லை.

கார்டு வந்த விதம் அந்தக் காலத்தில் மாதச் சம்பளம் வாங்கிய எல்லோருக்கும் பழக்கமானதுதான். 2004-இல் டை கட்டிய இரண்டு பையன்கள் எங்கள் பள்ளி ஆசிரியர் அறைக்கே வந்து, சம்பளச் சீட்டு நகலும் போட்டோவும் வாங்கிக்கொண்டு போனார்கள். ஆயுசு முழுக்கக் கட்டணம் கிடையாது என்றார்கள். அம்மாவின் ஆபரேஷன் சமயத்தில் அந்தக் கார்டு கைகொடுத்தது, அதை மறுக்க மாட்டேன். ஒவ்வொரு பில்லையும் தேதிக்குள் கட்டினேன். கடைசி பில்லைக் கட்டிய கையோடு, 2006 அக்டோபரில், கார்டைக் குறுக்காக வெட்டி, கணக்கை முடித்துக்கொள்ளும்படி ஒரு கடிதமும் வைத்துச் சென்னைக்கு அனுப்பினேன். சாதாரணத் தபாலில் போடப் போனவளைத் தடுத்து, பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்பச் சொன்னவர் அப்பா. போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அட்டை திரும்பி வந்ததும் அதில் வங்கியின் ரப்பர் ஸ்டாம்பும் தேதியும் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, என் கடித நகலோடு சேர்த்துக் குத்தி வைத்தார்.

அந்த அட்டை இருக்கிற தைரியத்தில் வாடிக்கையாளர் சேவை எண்ணைக் கூப்பிட்டேன். தவறுதலாக விழுந்திருக்கும், சரிசெய்துவிடுகிறோம் என்று புகார் எண் கொடுத்தார்கள். அடுத்த மாத பில்லில் தாமதக் கட்டணம் 350 ரூபாயும், அதற்கு வரியும், மாதம் மூன்று சதவீதத்தை ஒட்டிய வட்டியும், வட்டிக்கு வரியும் சேர்ந்திருந்தன. எழுத்திலும் புகார் அனுப்பினேன். விசாரித்துப் பதில் அளிக்கிறோம் என்று அச்சடித்த கடிதம் வந்தது. பில்லில் தவறு என்று வாடிக்கையாளர் சொன்னால், அதிகபட்சம் 60 நாளுக்குள் விளக்கமும் ஆவண ஆதாரமும் வங்கி கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2005 நவம்பரிலேயே சொல்லியிருந்தது. அது எனக்கு அப்போது தெரியாது. பில் மட்டும் மாதா மாதம் ஒழுங்காக வந்தது. ஒரு வருடத்தில் அந்த ஆயிரத்து நூற்றுச் சொச்சம் ஏழாயிரத்தைத் தாண்டிவிட்டது. ஒரு பைசாவுக்குப் பொருள் வாங்காமல், ஒரு பைசா கையில் வாங்காமல், வெறும் கட்டணத்துக்கு மேல் கட்டணமாகவே ஒரு கடன் இப்படி வளர முடியும் என்பதை அந்த பில்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தபோதுதான் புரிந்துகொண்டேன்.

2008-இல் குரல்கள் மாறின. அதுவரை பேசியவர்கள் 'மேடம்' போட்டுப் பேசினார்கள். இப்போது பேசியவர்கள் எடுத்த எடுப்பில் என் பெயரைச் சொல்லி, "எப்ப கட்டறீங்க?" என்று கேட்டார்கள். எங்கிருந்து பேசுகிறீர்கள் என்றால் வங்கியின் பெயரைச் சொன்னார்கள். கொஞ்சம் அழுத்திக் கேட்டால்தான் சென்னையில் இருக்கும் ஒரு வசூல் ஏஜென்சி என்று தெரியவரும். நான் கார்டை முடித்த கதையைச் சொன்னால், "அதெல்லாம் பேங்க்ல பேசிக்கோங்க, எங்களுக்குக் கட்டற தேதியைச் சொல்லுங்க" என்பார்கள். வங்கியைக் கூப்பிட்டால், "உங்க கணக்கு இப்ப எங்ககிட்ட இல்ல மேடம், கலெக்‌ஷனுக்குப் போயிடுச்சு" என்பார்கள். தகராறைத் தீர்க்க வேண்டியவர்கள் கை கழுவியாயிற்று, கையில் வைத்திருப்பவர்களுக்குத் தீர்க்கும் அதிகாரம் இல்லை. இரண்டு பக்கமும் மாறி மாறிப் பேசி ஓய்ந்துபோய் மனிதர்கள் பணத்தைக் கட்டிவிடுவதில் எனக்கு எந்த ஆச்சரியமும் இல்லை.

அந்த வருடம் பள்ளியில் அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்த சமயம். உறையூரில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும் அந்தப் பையனுக்கு. வண்டியை விட்டு இறங்காமலே, "கிரெடிட் கார்டு பாக்கி வச்சிருக்கிற டீச்சர் வீடு இதானே?" என்று தெருவுக்கே கேட்கும்படி குரல் கொடுத்தான். எதிர் வீட்டுத் திண்ணையில் பூ கட்டிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தார். அடுத்த வீட்டு ஜன்னல் திறந்தது. முப்பது வருடமாக இருக்கிற தெரு அது. பால்காரருக்குக்கூட ஒன்றாம் தேதி பாக்கி வைக்காத வீடு என்று அப்பாவுக்கு ஒரு பெருமை உண்டு. நான் வெளியே வருவதற்குள் அப்பா வாசலுக்குப் போய்விட்டார்.

"தம்பி, முதல்ல வண்டியை ஓரமா நிறுத்திட்டு உள்ள வாப்பா. தெருவுல நின்னு பேசற விஷயம் இல்ல இது."

பையன் இதை எதிர்பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். அப்பா மோர் கொண்டுவரச் சொன்னார். எனக்குக் கோபத்தில் கை நடுங்கிக்கொண்டிருந்தது. உங்கள் அடையாள அட்டை எங்கே, வங்கி கொடுத்த அதிகாரக் கடிதம் எங்கே என்று கேட்டேன். இரண்டுமே அவனிடம் இல்லை. ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் நான்கைந்து தாள்கள் இருந்தன. அவற்றை எடுத்து என் பெயரைக் காட்டினான்.

அந்தத் தாளை நான் நன்றாகப் பார்த்தேன். கட்டம் போட்ட பட்டியல். பெயர், கார்டு எண், முகவரி, போன் நம்பர், எத்தனை நாள் பாக்கி, எவ்வளவு தொகை. கடைசிக் கட்டம் மட்டும் காலி, போய் வந்த பிறகு அவன் நிரப்ப வேண்டியது. மற்ற பெயர்களுக்கு எதிரே பால்பாயின்ட் பேனாவில் 'பி.டி.பி.', 'ஆர்.டி.பி.' என்று ஆங்கில எழுத்துக்கள். முதலாவது, கட்டுவதாக வாக்குக் கொடுத்தவர்கள். இரண்டாவது, கட்ட மறுத்தவர்கள். என் பெயருக்கு மேலே ஒரு ஆட்டோ ஓட்டுநர், கீழே பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் ஊழியர் ஒருவர். இந்த வாடிக்கையாளர் கணக்கை முடித்துவிட்டதாகச் சொல்கிறார், எழுத்தில் ஆட்சேபம் கொடுத்திருக்கிறார் என்று குறிப்பதற்கு அந்தத் தாளில் ஒரு கட்டம்கூட இல்லை.

அப்பா உள்ளே போய், குத்தி வைத்திருந்த கடிதத்தையும் ஒப்புகை அட்டையையும் எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தார். படித்தான். இரண்டு தடவை படித்தான். பிறகு, "சார், இது எதுவும் எங்களுக்கு வராது. எனக்கு இந்தப் பேரும் நம்பரும் தொகையும் மட்டும்தான் வரும்" என்றான். துறையூர் பக்கத்து ஊர், பாலிடெக்னிக் முடித்தவன். வசூலாகிற தொகையில் கமிஷன், பெட்ரோல் சொந்தச் செலவு. மாசக் கடைசிக்குள் பட்டியலில் இத்தனை சதவீதம் வரவில்லையென்றால் அடுத்த மாதம் பட்டியலே கிடையாது. தெருவில் சத்தமாகக் கேட்கச் சொல்லித்தான் அனுப்பினார்களாம். மோரைக் குடித்துவிட்டு, தயங்கித் தயங்கி ஒன்று கேட்டான். "மேடம், ஒரு ஐந்நூறு ரூபா மட்டும் கட்டிடுங்க. நான் கேஸை ஹோல்டுல போட்டுடறேன்."

அவன் போன பிறகு வீட்டில் நடந்ததுதான் எனக்கு அந்த விவகாரத்திலேயே மிகக் கடினமான பகுதி. ராத்திரி சாப்பாடு ஆனதும் அப்பா தன் பெட்டியிலிருந்து பென்ஷன் பணத்தை எடுத்து வந்து மேஜையில் வைத்தார்.

"கட்டிடலாம்மா. போகட்டும். எதிர் வீட்டுல என்ன நெனைப்பாங்க?"

"நாம வாங்கலையேப்பா."

"வாங்கலதான். ஆனா வாசல்ல வந்து கேட்டுட்டானே."

அந்தப் பதிலில் வசூல் தொழிலின் மொத்த பலமும் இருக்கிறது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். கடன் உண்டா இல்லையா என்பதை நிரூபிக்க அவர்களுக்கு அவசியமே வருவதில்லை. கடன் இருப்பதாக நாலு பேர் காதில் விழச் செய்தால் போதும், மானத்துக்குப் பயந்த குடும்பம் தானாகவே கொடுத்துவிடும். எங்கள் ஊர்களில் இது இன்னும் கூடுதலாக வேலை செய்கிறது, ஏனென்றால் கடன்காரர் வீட்டு வாசலில் வந்து நிற்பதைவிடப் பெரிய அவமானம் கிடையாது என்று சொல்லித்தான் எங்களை வளர்த்திருக்கிறார்கள். அப்பாவின் பணத்தை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். அவருக்கு அன்றைக்கு என் மேல் வருத்தம்தான்.

மறுநாள் சாயங்காலம் எங்கள் தெருக் கோடியில் இருந்த ஓய்வு பெற்ற வங்கி மேனேஜர் ஒருவரிடம் போனோம். அப்பாவோடு காலையில் நடக்கிறவர். எல்லாத் தாளையும் வாங்கிப் பார்த்துவிட்டு, அந்த ஐந்நூறு ரூபாயைப் பற்றித்தான் முதலில் பேசினார்.

"அந்தப் பையன் தெரிஞ்சு கேட்டானோ தெரியாம கேட்டானோ, அதைக் கட்டவே கூடாது டீச்சர். பாக்கிக்குக் கேஸ் போட வங்கிக்கு மூணு வருஷம் டைம். அந்த மூணு வருஷத்துக்குள்ள நீங்க ஒரு பகுதியைக் கட்டி, அதுக்கு உங்க கையெழுத்துல ஒரு சீட்டோ செக்கோ இருந்தா, அன்னையிலேருந்து புதுசா மூணு வருஷம். பாக்கி இருக்குன்னு எழுதிக் கொடுத்தாலும் அதேதான். 1963-ஆம் வருஷக் காலவரையறைச் சட்டத்துல 18, 19-ஆம் பிரிவு. அதைவிட முக்கியம், கட்டிட்டீங்கன்னா கடனே இல்லைன்னு அப்புறம் எப்படிச் சொல்வீங்க?"

அவர்தான் ரிசர்வ் வங்கியின் 2008 ஏப்ரல் 24 சுற்றறிக்கையைப் பற்றிச் சொன்னார். வசூல் ஏஜென்ட்களை வங்கிகள் எப்படி நடத்த வேண்டும் என்பதற்காகவே வந்தது அது. அதற்கு முந்தைய வருடம்தான் உச்ச நீதிமன்றம், ஒரு வாகனக் கடன் வழக்கில், அடியாட்களை வைத்துக் கடன் வசூலிக்கும் பழக்கத்தைக் கடுமையாகக் கண்டித்திருந்தது. சாஸ்திரி ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அந்தச் சுற்றறிக்கையைத் தேடி எடுத்துப் பிரின்ட் போட்டேன். எந்த ஏஜென்சியிடம் கணக்கைக் கொடுத்திருக்கிறோம் என்று வாடிக்கையாளருக்கு வங்கி முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். வருகிற ஆள் அந்த அறிவிப்பின் நகலையும், அதிகாரக் கடிதத்தையும், அடையாள அட்டையையும் கையில் வைத்திருக்க வேண்டும். ஏஜென்ட்டுகளுக்கு 100 மணி நேரப் பயிற்சி வேண்டும். இதையெல்லாம் படித்துக்கொண்டே வந்தவள் ஒரு பத்தியில் நின்றுவிட்டேன். வாடிக்கையாளர் கொடுத்த புகார் நிலுவையில் இருந்தால், அதை இறுதியாகத் தீர்க்கும் வரை அந்தக் கணக்கை வசூல் ஏஜென்சிக்கு அனுப்பக் கூடாது. வேண்டுமென்றே வீண் புகார் கொடுத்துக்கொண்டே இருக்கிறார் என்பதற்கு வங்கியிடம் தக்க ஆதாரம் இருந்தால் மட்டும் விலக்கு.

என் புகார் ஒரு வருடத்துக்கு மேலாக நிலுவையில் இருந்தது. அப்படியானால் அந்தப் பையன் எங்கள் வாசலுக்கு வந்திருக்கவே கூடாது. அந்தப் பத்தியைப் பேனாவால் கோடிட்டு அப்பாவிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாகப் படித்தார். "ஒரு ரிஜிஸ்டர் தபாலை வேற ஊருக்குத் திருப்பி அனுப்பினாகூட, மேல எழுதின குறிப்பு அதோடவே போகும்மா. இவங்க தொகையை மட்டும் கிழிச்சு அனுப்பியிருக்காங்க" என்றார். பணத்தைக் கட்டிவிடலாம் என்ற பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவே இல்லை. கடிதங்களுக்கு வரிசை எண் போடுவதும், தேதிவாரியாகக் கோப்பில் சேர்ப்பதும் அவர் வேலையாயின.

அன்றிலிருந்து போனில் விளக்கம் சொல்வதை நிறுத்திவிட்டேன். யார் கூப்பிட்டாலும் ஒரே பதில். உங்கள் பெயர், ஏஜென்சி பெயர், முகவரி சொல்லுங்கள், என் பதில் எழுத்தில் வரும். பாதிப் பேர் பெயரைச் சொல்லாமலே வைத்துவிடுவார்கள். வங்கியில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில் கதை எதுவும் சொல்லவில்லை. கணக்கை முடித்த தேதி, ஒப்புகை அட்டையின் நகல், காப்பீட்டுக்கு நான் சம்மதித்ததற்கான கையெழுத்தையோ குரல் பதிவையோ அனுப்புங்கள் என்ற கோரிக்கை, சுற்றறிக்கையின் அந்தப் பத்தி. ஒரு பக்கத்துக்குள் முடித்தேன்.

இதற்கிடையில் பள்ளிக்கும் போன் போனது. தலைமை ஆசிரியை அறை போனில் கூப்பிட்டு, உங்கள் டீச்சர் வங்கியை ஏமாற்றிவிட்டார் என்று ஒரு பெண் சொல்லியிருக்கிறார். கார்டு வைத்திருப்பவரின் குடும்பத்தார், நண்பர்கள், பரிந்துரைத்தவர்கள் ஆகியோரின் அந்தரங்கத்தில் தலையிடுவதும், பொது இடத்தில் அவமானப்படுத்துவதும், பொய்யான தகவல் சொல்வதும் கூடாது என்று கார்டு விதிகளிலேயே இருக்கிறது. தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள், "எனக்கு நீங்க விளக்கம் சொல்ல வேண்டாம் டீச்சர். எத்தனை மணிக்கு வந்துச்சு, என்ன சொன்னாங்கன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன், உங்க புகாரோட வச்சுக்கோங்க" என்றார். அந்தத் தாள் பின்னால் எவ்வளவு பயன்பட்டது என்பதை அவரிடம் நேரில் போய்ச் சொன்னேன்.

2009 நடுவில் தொகை பதினாறாயிரத்தைத் தாண்டியிருந்தது. கணக்கு இரண்டாவது ஏஜென்சிக்குக் கைமாறியிருந்தது. இவர்கள் ஆளை அனுப்பவில்லை, காகிதம் அனுப்பினார்கள். மேலே தராசுப் படம், நடுவில் பெரிய எழுத்தில் லோக் அதாலத், கீழே வராவிட்டால் வாரண்ட். கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் நீதிமன்ற முத்திரை இல்லை, வழக்கு எண் இல்லை, கையெழுத்துக்குக் கீழே ஏஜென்சியின் போன் நம்பர் மட்டும் இருந்தது. லோக் அதாலத் 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி நடப்பது. இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டால்தான் அங்கே முடிவு. வராதவரைப் பிடித்துவர அதற்கு அதிகாரம் கிடையாது. கார்டு பாக்கி என்பதே உரிமையியல் விவகாரம், அதற்காக போலீஸ் வீட்டுக்கு வராது. கொடுத்த செக் திரும்பினால், அல்லது ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணத்தோடு வாங்கியிருந்தால் நிலைமை வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல், அந்தத் தராசுப் படத்தைப் பார்த்து நகையை அடகு வைத்துக் கட்டிய எங்கள் பள்ளி அலுவலக உதவியாளர் ஒருவரை எனக்குத் தெரியும். அவர் கட்டியதில் எவ்வளவு நியாயமான பாக்கி, எவ்வளவு கட்டணத்துக்கு மேல் கட்டணம் என்பதை யாரும் அவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டவில்லை. அந்தக் காகிதத்தையும் புகாரோடு இணைத்தேன்.

வங்கிக்கு எழுதி 30 நாளுக்குள் திருப்தியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி நியமித்த வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கு அந்த அலுவலகம் சென்னை ராஜாஜி சாலையில், ரிசர்வ் வங்கி இருக்கும் ஃபோர்ட் கிளேசிஸ் வளாகத்தில் இருந்தது. கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. வெள்ளைத் தாளில் எழுதினாலும் எடுத்துக்கொள்வார்கள். அப்பா வரிசை எண் போட்ட கோப்பை நகலெடுத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினோம்.

அங்கிருந்து வங்கிக்குப் போன கேள்வி, நான் இரண்டு வருடமாகக் கேட்டதேதான். இந்த வாடிக்கையாளர் காப்பீட்டுக்குச் சம்மதித்ததற்கு ஆதாரம் என்ன? வங்கியிடம் எதுவும் இல்லை. 2010-இல் சமரசமாக முடிந்தது. பிரீமியம், வட்டி, தாமதக் கட்டணம், வரி எல்லாவற்றையும் திருப்பி எழுதி, கணக்கில் பாக்கி இல்லை என்று வங்கி கடிதம் கொடுத்தது. நல்லெண்ண அடிப்படையில் தள்ளுபடி செய்கிறோம் என்று முதலில் எழுதி அனுப்பினார்கள். அதை நான் ஏற்கவில்லை. என் பாக்கியை யாரும் தள்ளுபடி செய்ய வேண்டியதில்லை, பாக்கியே இருந்ததில்லை என்று எழுதுங்கள் என்று கேட்டு, மாற்றிய கடிதத்தை வாங்கினேன். வறட்டுப் பிடிவாதம் என்று வீட்டிலேயே சிலர் சொன்னார்கள். கார்டு புகார்களில் மன உளைச்சலுக்காக ஒரு லட்சம் வரை இழப்பீடு கொடுக்கும் அதிகாரம் குறைதீர்ப்பாளருக்கு இருந்தது. அதை நான் வற்புறுத்தவில்லை, எனக்கு அந்த ஒரு வரிதான் வேண்டியிருந்தது.

அந்த வரியின் மதிப்பு 2013-இல் தெரிந்தது. வீட்டுக் கடனுக்காக வேறொரு வங்கிக்குப் போனபோது, மேனேஜர் கணினியைத் திருப்பிக் காட்டினார். கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் என் பழைய கார்டுக்கு எதிரே 'செட்டில்டு' என்று இருந்தது. முழுசாகக் கட்ட முடியாமல், பேரம் பேசிக் குறைத்துக் கட்டியவர்களுக்குப் போடும் அடையாளம் அது. 'குளோஸ்டு' என்று இருந்தால்தான் ஒழுங்காக முடிந்த கணக்கு. கடன் கொடுக்கிறவர் கண்ணில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். அதற்கு இரண்டு வருடம் முன்பு இன்னொரு ஏஜென்சி அதே பழைய தொகையைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தது, கடிதத்தின் நகலை அனுப்பியதும் அடங்கிவிட்டது. இது அப்படி அடங்குகிற விஷயமாக இல்லை. தவறான தகவலைத் திருத்தக் கேட்கும் உரிமை 2005-ஆம் ஆண்டுக் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தில் இருக்கிறது, 30 நாள் கெடுவும் இருக்கிறது. ஆனால் தகவல் கொடுத்த வங்கி ஒப்புக்கொண்டால்தான் அந்த நிறுவனம் மாற்றும். மறுபடியும் அதே வங்கி, மறுபடியும் கடிதம். தள்ளுபடி என்று எழுதிய அந்த முதல் கடிதத்தை நான் ஏற்றுக்கொண்டிருந்தால், 'செட்டில்டு' என்பதே சரி என்று சொல்லியிருப்பார்கள். மாற்றிய கடிதம் கையில் இருந்ததால் வாதாட அவர்களுக்கு இடமில்லை. அறிக்கை திருத்தப்பட்டது. வீட்டுக் கடனும் கிடைத்தது, சில மாதம் தாமதமாக.

அந்தப் பையனை நினைத்து எனக்கு இப்போது கோபம் இல்லை. அவன் கையில் ஒரு தொகையை மட்டும் கொடுத்துத் தெருவுக்கு அனுப்பியவர்கள் மேல் இருக்கிறது, அது குறையவும் இல்லை. மறுப்பு எழுதிக் கொடுத்த வாடிக்கையாளரின் கணக்கை வெளியே அனுப்பும்போது அந்த மறுப்பும் கூடவே போக வேண்டும், போகாத கணக்கை வசூலிக்க முடியாது என்று கணினியிலேயே பூட்டுப் போடலாம். பூட்டுப் போடுவது கஷ்டமில்லை. வட்டியும் தாமதக் கட்டணமும் அந்தக் கணினியில் ஒரு நாள்கூடத் தவறாமல் விழுந்தனவே.

அப்பா இப்போது இல்லை. நான் ஓய்வு பெற்றுவிட்டேன். போன வருடம் என் பழைய மாணவி ஒருத்தி வந்தாள். மணப்பாறையில் அங்கன்வாடி வேலை. அவள் கார்டில் யாரோ இரண்டு தடவை பொருள் வாங்கியிருக்கிறார்கள். மெசேஜ் வந்த அன்றைக்கே வங்கிக்குச் சொல்லி, சைபர் குற்ற எண் 1930-க்கும் சொல்லியிருக்கிறாள். இப்படி மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்துவிட்டால், வாடிக்கையாளர் பக்கம் தவறு இல்லாத மோசடியில் அவர் தலையில் ஒரு ரூபாய்கூடச் சுமத்தக் கூடாது, தவறு அவருடையது என்றால் அதை வங்கிதான் நிரூபிக்க வேண்டும் என்று 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி சொன்னது. வங்கி தொகையைத் திருப்பி வரவு வைத்தது, பிறகு ஓ.டி.பி. போட்டிருக்கிறது என்று சொல்லி மறுபடி பற்று வைத்தது, அவள் மறுத்து எழுதிய கடிதத்துக்குப் பதில் போடாமல் ஏஜென்சிக்கு அனுப்பிவிட்டது. ஆள்கள் மாறி, ஊர் மாறி, அதே கதை.

"டீச்சர், எங்க வீட்டுக்காரர் கட்டிடு, மானம் போகுதுங்கறாரு" என்றாள்.

கட்டச் சொல்லவில்லை. ராத்திரி எட்டரைக்கு வந்த அழைப்புகளின் பட்டியலைப் போனிலிருந்தே எடுத்தோம். மாலை 7 மணிக்குப் பிறகும் காலை 8 மணிக்கு முன்பும் வசூலுக்காகக் கூப்பிடக் கூடாது என்று 2022 ஆகஸ்டிலிருந்து விதி இருக்கிறது. புகார் நிலுவையில் இருக்கும்போது ஏஜென்சிக்கு அனுப்பியதைத் தேதியோடு எழுதி வங்கிக்கு அனுப்பினோம். 30 நாள் கழிந்ததும் குறைதீர்ப்பாளருக்குப் போனோம். 2021-இல் அந்தத் திட்டங்களை எல்லாம் ஒன்றாக்கி, இணையத்திலேயே புகார் போடும்படி செய்துவிட்டார்கள். அவள் மகன்தான் போனில் பதிவு செய்தான். கணக்கை ஏஜென்சியிடமிருந்து திரும்ப எடுத்துக்கொண்டதாக வங்கியிடமிருந்து கடிதம் வந்துவிட்டது. தொகை யார் தலையில் என்பது இனிமேல்தான் முடிவாக வேண்டும். அதற்குள் அவள் பெயர் எங்காவது கெட்டுப்போகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கடன் அறிக்கை தரும் நிறுவனங்கள் நாட்டில் நான்கு, ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகக் கொடுத்தாக வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு நிறுவனம் என்று வைத்து எடுத்து, தேதி போட்டுக் கோப்பில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். முதல் அறிக்கையைக் கொண்டுவந்தாள். கார்டுக்கு எதிரே 60 நாள் பாக்கி என்று இருக்கிறது. அதைத் திருத்தக் கேட்கும் கடிதத்தை இந்த வாரம் எழுத வேண்டும்.